தனியார் தங்கசாலையின் மாதிரிக் காசுகளைச் சேர்க்கலாமா?

நீங்கள் மூன்று வில்லைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1791 என்று தேதியிட்ட கிளாஸ்கோ அரைப்பென்னி டோக்கன் ஒன்று. மூன்றாம் ஜார்ஜின் தலை பொறித்த, 1788 தேதியிட்ட அரைப்பென்னி மாதிரி ஒன்று. சென்னை மாகாணத்துக்காக அடிக்கப்பட்ட 1808ஆம் ஆண்டு இருபது காசு ஒன்று. மூன்றும் பர்மிங்காம் நகரை ஒட்டியிருந்த சோஹோ தங்கசாலையில் பிறந்தவை என்று விற்பவர் சொல்கிறார். வணிகர்கள் சில்லறைக்குப் பதிலாக வெளியிட்ட டோக்கனையும், ஒப்புதலுக்குக் காட்ட அடித்த மாதிரியையும், அரசு வெளியிடாத இவற்றை நாணயம் என்று எண்ணிப் பணம் போடலாமா என்பது நீங்கள் எழுதியிருக்கும் கேள்வி. அதற்கு அடியில் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. கடைவீதிக்கே போகாத ஒரு வில்லையில் "அசல்" என்பதற்கு என்ன பொருள், அதை எதை வைத்துத் தீர்மானிப்பது? உங்களை உறுத்துவது இதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், என் சொல்லுக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்று நீங்கள் முடிவு செய்ய உதவும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு டூல் ரூமில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன். பிரஸ்ஸில் தகட்டை அழுத்தி வடிவம் எடுக்கும் டை செய்வதும், தேய்ந்த டையைச் சீர்படுத்துவதும்தான் என் தொழில். இங்கே டை என்பதை அச்சு என்றே எழுதுகிறேன். சோஹோவின் செம்பு வில்லைகளைச் சேர்க்கத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. வரலாற்றில் நான் முறையாகப் பயின்றவன் அல்ல. ஆனால் ஒரு காசைக் கையில் எடுத்தால் அதை அடித்த அச்சு அன்றைக்கு எந்த நிலையில் இருந்தது என்பதை ஓரளவு படிக்கத் தெரியும். இந்தச் சேகரிப்பில் அந்தப் படிப்புத்தான் பெரிதும் கைகொடுக்கிறது.

முதலில், ஒரு தனியார் ஆலை ஏன் காசு அடித்தது என்பதைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் அரச தங்கசாலை 1775க்குப் பிறகு செம்புக் காசு அடிப்பதையே நிறுத்திவிட்டது. தொழிற்சாலைகள் பெருகிய காலம், கூலி கொடுக்கச் சில்லறை வேண்டும், சில்லறையோ இல்லை. அந்த இடைவெளியைக் கள்ளக் காசு நிரப்பியது. சோஹோவின் உரிமையாளர் மேத்யூ போல்ட்டன் 1789இல் எழுதிய கடிதமொன்றில், சுங்கச் சாவடிகளில் தனக்குச் சில்லறையாகக் கிடைக்கும் அரைப்பென்னிகளில் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு கள்ளக் காசு என்கிறார். இந்த நிலையில்தான் 1787இல், வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் செம்புச் சுரங்கம் நடத்திய கம்பெனி, தன் சொந்தச் செம்பில், தன் பெயரெழுத்துகளைப் பொறித்து, கொண்டுவருபவருக்கு ஒரு பென்னி தருவதாக வாக்குறுதியும் எழுதி, டோக்கன் வெளியிட்டது. ஒரு பக்கம் பழங்காலக் குருமார் ஒருவரின் முக்காடிட்ட தலை. அரசுக் காசைவிட எடையும் தரமும் நன்றாக இருந்ததால் மக்கள் தயங்காமல் வாங்கினார்கள். அடுத்த பத்தாண்டுகளில் ஊருக்கு ஊர், கடைக்குக் கடை டோக்கன் வந்துவிட்டது.

பணத் தட்டுப்பாட்டுக்கு மருந்தாக வந்த இந்த டோக்கன், மிக விரைவில் விளம்பரப் பலகையாகவும் ஆயிற்று. லண்டனில் லாக்கிங்டன் என்ற புத்தக வியாபாரி, உலகிலேயே மலிவாகப் புத்தகம் விற்பவர் என்று தன் டோக்கனில் பொறித்துக்கொண்டார். பிட்காக் என்பவர் விலங்குக் காட்சி நடத்தியவர். அவருடைய டோக்கன்களில் யானையும் இரட்டைத் தலைப் பசுவும் நிற்கின்றன. இவை சோஹோவில் அடித்தவை என்று நான் சொல்லவில்லை. அன்று பர்மிங்காமிலும் லண்டனிலும் இதற்கென்றே பல கூடங்கள் இருந்தன. ஒரு காசு நூறு கைகளுக்குப் போகிறது, ஒவ்வொரு கையிலும் கடையின் பெயரைச் சொல்கிறது என்ற கணக்கை அந்தக் காலத்து வியாபாரிகள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். 1798இல் இப்ஸ்விச் ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் காண்டர் இந்த டோக்கன்களுக்கு ஒரு பட்டியலே வெளியிட்டார். இன்றும் சேகரிப்பாளர்கள் இவற்றைக் காண்டர் டோக்கன் என்றுதான் அழைக்கிறார்கள். அதாவது அடித்துப் பதினோரு ஆண்டுக்குள் சேகரிப்பு தொடங்கிவிட்டது. சேகரிப்பவர் வந்ததும், சேகரிப்பவருக்காகவே அடிப்பதும் தொடங்கியது. ஒரு டோக்கனின் முன்பக்க அச்சையும் இன்னொன்றின் பின்பக்க அச்சையும் சேர்த்து அடித்து, அரிய வகை என்று விற்றவர்கள் அன்றே இருந்தார்கள். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது போல்ட்டனுக்கு வருகிறேன். 1728இல் பிறந்தவர், பொத்தான், கொக்கி, வெள்ளிச் சாமான் என்று சின்ன உலோகப் பொருள்கள் செய்து வளர்ந்தவர், ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளி. நீராவி எந்திரத்தால் காசு அடித்தால் ஒவ்வொரு காசும் ஒரே விட்டம், ஒரே கனம், ஒரே வட்டமாக வரும், கள்ளக் காசுக்காரனால் அதை மலிவாகப் போலி செய்ய முடியாது என்பது அவர் வாதம். 1788 வாக்கில் சோஹோவில் தங்கசாலை அமைத்தார். அரசின் செம்பு நாணய ஒப்பந்தம் தனக்கே வரும் என்று நம்பி, பாரிஸிலிருந்து ழான் பியேர் ட்ரோஸ் என்ற அச்சுக் கலைஞரை அழைத்துவந்து மாதிரி அரைப்பென்னிகளை அடிக்கச் செய்தார். நீங்கள் பார்த்திருக்கும் 1788 தேதியிட்ட வில்லை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. ட்ரோஸின் பெரிய வித்தை விளிம்பில் இருந்தது. பல துண்டுகளாகப் பிரியும் வளையத்துக்குள் வைத்துக் காசை அடித்து, முகப்பும் விளிம்பெழுத்தும் ஒரே அடியில் விழச் செய்தார். சீசருக்கு உரியதைச் சீசருக்குக் கொடு என்ற விவிலிய வாசகம் அந்த மாதிரிகள் சிலவற்றின் விளிம்பைச் சுற்றி ஓடுகிறது. டூல் ரூம்காரன் என்ற முறையில் சொல்கிறேன்: திறந்து மூடும் துண்டு வளையத்தில், எழுத்து பிசிறில்லாமல், இணைப்பு வெளியே தெரியாமல் வருவது இன்றைய எந்திரங்களோடும் எளிதான வேலை அல்ல.

இந்த மாதிரிகள் யாருக்காக அடிக்கப்பட்டன? அமைச்சர்களுக்காக, அரசவைக்காக, இந்த ஆள் சொல்வதைச் செய்துகாட்டுவான் என்று அவர்கள் நம்புவதற்காக. அப்படியானால் அவையும் விளம்பரம்தான். புத்தக வியாபாரி தன் புத்தகத்தை விளம்பரம் செய்தார். போல்ட்டன் தன் தங்கசாலையை விளம்பரம் செய்தார். சோஹோவைப் பொறுத்தவரை விளம்பர வில்லையையும் மாதிரிக் காசையும் இரண்டு தனி அலமாரிகளில் வைப்பதற்கு நான் உடன்படுவதில்லை. இரண்டும் ஒரே தேவையிலிருந்து பிறந்தவை. ஒப்பந்தம் உடனே கிடைக்கவில்லை. ஒன்பது ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 1797இல்தான் அரசு இசைந்தது. அப்போது சோஹோ அடித்த தடித்த பென்னி ஒவ்வொன்றும் ஓர் அவுன்ஸ் எடை, இரண்டு பென்னி இரண்டு அவுன்ஸ். வண்டிச் சக்கரம் என்று மக்கள் பெயரிட்டார்கள். அந்த ஒன்பது ஆண்டுகளும் ஆலையை ஓட வைத்தவை வெளியார் வேலைகள்தான். ஆங்கிள்சிக்கு, அயர்லாந்தின் குரோன்பேன் சுரங்கத்துக்கு, சவுத்தாம்ப்டனுக்கு, கிளாஸ்கோவுக்கு டோக்கன். பாரிஸின் மோனரோன் சகோதரர்களுக்கு 1791, 1792இல் ஐந்து சோல், இரண்டு சோல் (சோல் என்பது பிரெஞ்சுச் சில்லறை) மதிப்புள்ள நம்பிக்கை வில்லைகள், அதாவது அங்கத்திய டோக்கன். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1791இல் பம்பாய்க் காசு, 1794இல் வட சர்க்கார் பகுதிக்கு ரூபாயில் 48இல் ஒரு பங்கும் 96இல் ஒரு பங்கும். நீங்கள் கேட்ட கிளாஸ்கோ டோக்கன் இந்த வரிசையில் வருவது. கிளைடு நதி ஒரு கிழவனாகச் சாய்ந்து படுத்துக் குடத்திலிருந்து நீரைச் சாய்க்கும் காட்சி அதில் இருக்கும். விளிம்பில் எந்தக் கடையில் கொடுத்துப் பணம் பெறலாம் என்ற வாசகம் இருக்கும். கடைவீதியில் நடந்த காசு அது. அதை நாணயம் என்று சொல்வதற்கு எந்தத் தயக்கமும் தேவையில்லை. அரசு முத்திரை இல்லையே தவிர, கூலியாள் அதைக் கொடுத்துத்தான் ரொட்டி வாங்கினான்.

விளம்பரம் என்ற சொல்லுக்கு முழு உரிமை கொண்ட ஒரு வில்லையையும் சொல்லாமல் விட மனமில்லை. ஒரு பக்கம் போல்ட்டனின் மார்பளவு உருவம். மறுபக்கம் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள், வட்டங்களில் எண்கள், சுற்றிலும் பிரெஞ்சு மொழியில் நீண்ட வாசகம். சோஹோவில் 1788இல் நீராவியால் காசு அடிக்கும் எந்திரத்தை நிறுவினார், 1798இல் எட்டுப் புதிய பிரஸ்களோடு அதைவிடச் சிறந்த ஒன்றை எழுப்பினார் என்கிறது அது. ஒவ்வொரு வட்டமும் ஒரு காசின் விட்டம்; அதிலுள்ள எண், எட்டுச் சிறுவர்கள் களைப்பில்லாமல் ஒரு நிமிடத்தில் அந்த அளவில் எத்தனை காசு அடிப்பார்கள் என்ற கணக்கு. ஆங்கிலத்தில் எழுதாமல் பிரெஞ்சில் எழுதியதற்குக் காரணம் ஊகிக்கக்கூடியது: அன்றைய ஐரோப்பிய அரசவைகளின் பொதுமொழி அது, போல்ட்டன் வெளிநாட்டு அரசுகளுக்குத் தங்கசாலை எந்திரங்களையே விற்க முயன்றுகொண்டிருந்தார். ரஷ்யாவுக்கும் டென்மார்க்குக்கும் அவை போயின. பின்னாளில் கல்கத்தா, பம்பாய் தங்கசாலைகளுக்கும் சோஹோவின் எந்திரங்கள் வந்தன. ஓர் ஆலையின் விளம்பரமும் திறன் கணக்கும் அளவுகோலும் ஒரே செம்பு வட்டத்துக்குள் இருப்பதை வேறெங்கும் நான் கண்டதில்லை. அந்தச் சிறுவர்கள் களைப்படையவில்லை என்று சொன்னது முதலாளி. சிறுவர்களின் சொல் எதுவும் அந்த வில்லையில் இல்லை. அதைக் கையில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் பிரஸ் அடியில் விரலைக் கொடுத்த எங்கள் பட்டறைப் பையன்களின் நினைவு எனக்கு வந்துவிடுகிறது.

இனி உங்கள் கேள்வியின் கடினமான பகுதி. போல்ட்டன் 1809இல் இறந்தார். மகன் காலத்தில் தங்கசாலை தொடர்ந்தது. வேலை அவ்வப்போதுதான் வந்தது. கடைசியில் ஆலையை மூடி, 1850 ஏப்ரலில் தளவாடங்களை ஏலத்துக்கு விட்டார்கள். அந்த ஏலத்தில் நீராவி பிரஸ்களை எடுத்தவர் பர்மிங்காமைச் சேர்ந்த இரண்டாம் ரால்ஃப் ஹீட்டன். அவற்றை வைத்து அவர் வளர்த்ததுதான் பிற்காலத்தில் உலகின் பல நாடுகளுக்குக் காசு அடித்த பர்மிங்காம் மின்ட். ஹெச் என்ற எழுத்தைக் காசில் சின்னமாக இட்ட அந்த ஆலை 2003இல் மூடப்பட்டது. ஆனால் சோஹோவின் பழைய அச்சுகளில் பெருந்தொகுதி லண்டனைச் சேர்ந்த வில்லியம் ஜோசப் டெய்லர் கைக்குப் போயிற்று. எந்திரம் ஒரு வீட்டுக்கு, அச்சு இன்னொரு வீட்டுக்கு. டெய்லர் அச்சு வெட்டுவதில் கைதேர்ந்தவர். 1853இல் மெல்போர்னில் தங்க வில்லை அடிக்கத் திட்டமிட்ட கங்காரு ஆபீஸ் முயற்சிக்கும் அச்சு செய்தவர் அவரே. சோஹோவின் அச்சுகளைத் துடைத்து, மெருகேற்றி, சேகரிப்பாளர்களுக்காக அவற்றால் மீண்டும் காசு அடித்து விற்றார். சேராத அச்சுகளைச் சேர்த்தும் அடித்தார். தேதி 1788 என்று இருக்கும். அச்சும் மெய்யாகவே பதினெட்டாம் நூற்றாண்டில் வெட்டியதுதான். ஆனால் அடி விழுந்தது 1850க்குப் பிறகு. இதைப் போலி என்று சொல்ல முடியாது. அசல் என்றும் சொல்ல முடியாது. மறு அடி என்பதே பொருத்தமான பெயர்.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. டெய்லருக்கு முன்பே, சோஹோவிலேயே, பழைய அச்சுகளால் பிற்காலத்தில் அடித்த வில்லைகளும் உண்டு. அதனால்தான் பிரிட்டிஷ் மியூசியத்தின் செம்பு நாணயங்களைப் பட்டியலிட்ட பெக் இவற்றை மூன்றாகப் பிரித்தார்: முந்தைய சோஹோ, பிந்தைய சோஹோ, டெய்லரின் மறு அடி. ஏல அறிவிப்புகளில் வில்லையின் பக்கத்தில் பெக் எண் கொடுப்பது இதற்காகத்தான். அந்த எண்ணையும் மூன்றில் எந்த வகை என்பதையும் சொல்லாத விற்பனையாளரிடம் முதலில் அதைக் கேளுங்கள். பதில் வரும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

அச்சை எப்படிப் படிப்பது? காசில் மேடாகத் தெரிவது அச்சில் பள்ளம். காசின் சமதளம் அச்சின் மேல்மட்டம். எண்ணெய் பூசாமல் வைத்த எஃகு அச்சில் துரு பிடித்தால் சின்னச் சின்னக் குழிகள் விழும். அந்தக் குழிகளுக்குள் செம்பு புகுந்து, காசில் மணல் ஒட்டியது போன்ற மேட்டுப் புள்ளிகளாக வரும். பழைய அச்சை மீண்டும் பயன்படுத்துபவர் முதலில் அதன் மேல்மட்டத்தைத் தேய்த்து மெருகேற்றுவார். சமதளத்துத் துருக்குழி மறைந்துவிடும், கண்ணாடி போலப் பளபளக்கும். ஆனால் முகம், தலைமுடி, ஆடை மடிப்பு இவை அச்சில் ஆழத்தில் இருப்பவை. மெருகுக்கல் அங்கே எட்டாது. ஆகவே சமதளம் பளிச்சென்றும், அரசரின் கன்னத்திலும் கழுத்திலும் மேட்டுப் புள்ளிகளும் இருந்தால் அந்த அச்சு எங்கேயோ நெடுநாள் துருப்பிடித்துக் கிடந்து, பிறகு எழுப்பப்பட்டது என்று பொருள். இன்னொன்று: மேல்மட்டத்தைத் தேய்க்கத் தேய்க்க, அச்சில் ஆழமில்லாமல் வெட்டிய கோடுகள் முதலில் மறையும். முடியின் மெல்லிய இழை நுனிகள், ஒப்பமிட்ட சின்னஞ்சிறு எழுத்துகள், இலை நரம்புகள் காணாமல் போகும். எழுத்தின் கால்கள் மெலியும். உயர்ந்த மெருகும் குறைந்த நுணுக்கமும் ஒரே காசில் சேர்ந்திருந்தால் ஐயப்படுங்கள். புதிதாகச் சேர்ப்பவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். பளபளப்பு கூடினால் முந்தையது என்று நினைத்துக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள்.

மேட்டுப் புள்ளியையும் குழியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். காசின் பரப்புக்குக் கீழே இறங்கிய குழி, காசு பிற்பாடு அரித்ததால் வந்தது. அதற்கும் அச்சுக்கும் தொடர்பில்லை. கோட்டிலும் அப்படியே: மேடான மயிர்க்கோடு அச்சை மெருகேற்றியபோது விழுந்த கீறல், பள்ளமான கோடு காசை யாரோ துடைத்த கீறல். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்த விளக்கும் போதும். புள்ளிகள் உருண்டையாக, எழுத்தின் ஓரங்கள் மழுங்கி, விளிம்பில் தையல் போன்ற கோடு ஓடினால் அது மறு அடிகூட இல்லை; அச்சால் அடிக்காமல், உலோகத்தை உருக்கி வார்த்த போலி. அதை அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இதிலிருந்து என்ன உறுதி, எது ஐயம் என்பதைப் பிரித்துச் சொல்கிறேன். ஒரே அச்சு ஜோடியால் அடித்த இரண்டு காசுகளில், மெருகுக்கல் எட்டாத முகம், முடி போன்ற இடங்களில் ஒன்றில் துருப்புள்ளி இல்லை, மற்றொன்றில் இருக்கிறது என்றால் துரு உள்ளது பிந்தையது. இதில் ஐயத்துக்கு இடமில்லை, எஃகில் துருக்குழி தானாக நிரம்புவதில்லை. ஆனால் அது எத்தனை ஆண்டு பிந்தியது என்பதைத் துரு சொல்லாது. சில புள்ளிகள் மட்டும் இருந்தால் பிந்தைய சோஹோவாகவும் இருக்கலாம், டெய்லராகவும் இருக்கலாம். ஒப்பிட வேறு காசுகள் இல்லாமல் ஒற்றைக் காசை வைத்துத் தீர்ப்புச் சொல்பவர் தன் ஊகத்தைச் சொல்கிறார். விளிம்பும் அப்படித்தான். ட்ரோஸின் துண்டு வளையம் டெய்லரின் பட்டறையில் வேலை செய்யவில்லை. மறு அடிகள் பெரும்பாலும் வெற்று விளிம்போடு வருகின்றன. ஆகவே 1788 மாதிரியின் விளிம்பில் அந்த விவிலிய வாசகம் திருத்தமாக இருந்தால் முந்தைய சோஹோ என்ற பக்கம் தராசு நன்றாகவே சாயும். வெற்று விளிம்பு இருந்தால் மட்டும் மறு அடி என்று முடிவு கட்டிவிட முடியாது, முந்தையவற்றிலும் வெற்று விளிம்பு உண்டு. உலோகத்திலும் ஒன்று உறுதி, ஒன்று ஐயம். 1788 தேதியோடு அலுமினியத்தில் ஒரு வில்லை வந்தால் கேள்வியே வேண்டாம். அந்த உலோகமே அன்று கண்டறியப்படவில்லை. ஆனால் செம்பு செம்புதான். எக்ஸ்ரே கருவியில் வைத்துக் காட்டினாலும் 1790இன் செம்பையும் 1860இன் செம்பையும் அது பிரித்துக் காட்டும் என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

நான் இதைக் கற்றுக்கொண்டது எளிதாக அல்ல. சேர்க்கத் தொடங்கிய நான்காம் ஆண்டில், வெளிநாட்டு ஏலம் ஒன்றில் பழுப்பு மெருகோடு ஒரு மாதிரி அரைப்பென்னி வாங்கினேன். அட்டையில் முந்தைய சோஹோ என்று எழுதியிருந்தது. இரண்டு மாதச் சம்பளம் போயிற்று. அச்சுத் துருவை ஆயுள் முழுக்கத் தொழிலில் பார்த்தவன், அன்று காசில் அதைத் தேடவே இல்லை; தேதியையும் மெருகையும் அட்டையையும் பார்த்தேன். ஓராண்டு கழித்து, அதே அச்சின் துருவில்லாத இன்னொரு வில்லையை ஒரு நண்பர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தபோதுதான் அரசரின் தாடையில் இருந்த ஒன்பது மேட்டுப் புள்ளிகளை எண்ணினேன். அந்த மறு அடியை நான் விற்கவில்லை. புதிதாக வருகிறவர்களிடம் லென்ஸைக் கொடுத்து முதலில் அதைத்தான் பார்க்கச் சொல்கிறேன். அதோடு, மறு அடிக்கும் அதற்குரிய இடம் உண்டு என்பதையும் அந்தக் காசே எனக்குச் சொன்னது. போல்ட்டன் அரசுக்காக அடித்த மாதிரியை, அறுபது எழுபது ஆண்டு கழித்து, டெய்லர் நம்மைப் போன்றவர்களுக்காக அடித்தார். சேகரிப்பாளன் என்ற ஆள் ஒருவன் இருந்தான், அவனுக்கென்று ஒரு சந்தை இருந்தது என்பதற்கு அதுவே சான்று. மறு அடி என்று சொல்லி, மறு அடிக்குரிய விலைக்கு விற்றால் மகிழ்ச்சியோடு வாங்குங்கள். ஒவ்வொரு வில்லையிடமும் நான் கேட்பது ஒன்றே: யாருக்காக உன்னை அடித்தார்கள்? கூலியாளுக்கா, அமைச்சருக்கா, சேகரிப்பாளனுக்கா? அதற்கு விடை தெரிந்தால் அது எந்தத் தட்டில் இருக்க வேண்டும், என்ன விலை பெறும் என்பவை தாமாகத் தெளிவாகும். காசில் இருக்கும் தேதி அந்தக் கேள்விக்கு விடை சொல்வதில்லை.

உங்கள் மூன்றில், 1808 இருபது காசைப் பற்றி இன்னும் பேசவில்லை. அது டோக்கனும் அல்ல, மாதிரியும் அல்ல. கம்பெனி ஆணையின்படி சென்னைக்காக அடித்த முறையான காசு. 1803இலும் 1808இலும் சோஹோ இவற்றை அடித்தது. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், மறுபக்கம் இருபது காசு நான்கு ஃபுலூஸ் (ஃபுலூஸ் என்பது செம்புச் சில்லறை) என்று பாரசீகத்தில் எழுத்து, கீழே ரோமன் எண்ணும் ஆங்கிலத்தில் "காஷ்" என்ற சொல்லும். அந்தச் சொல் நம்முடைய காசு. போர்த்துக்கீசியர் வாயில் புகுந்து ஆங்கிலத்துக்குப் போய், பர்மிங்காமில் நீராவியால் அடிபட்டு, திரும்ப நம் கடைத்தெருவுக்கே வந்தது. அந்தக் காசில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை என்பது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. 1808 தேதியுள்ளவை சந்தையில் ஏராளமாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. அவற்றை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் மூழ்குநர்கள் பெருந்தொகையாக எடுத்து வந்தார்கள். கடலில் கிடந்தவை பெரும்பாலும் சொரசொரப்பாக, இளஞ்சிவப்பும் கருமையும் கலந்த நிறத்தில் இருக்கும். சென்னை வரை வந்து கையில் புழங்கியவை வழவழப்பாகத் தேய்ந்து சாக்லேட் நிறத்தில் இருக்கும். விற்பவர் கடலடிக் காசை அரிய காசு என்று விலை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். என்னைக் கேட்டால், தேய்ந்ததைத்தான் தேடி வாங்குவேன். அதை யாரோ ஒருவர் கொத்தவால் சாவடியில் கொடுத்துக் காய்கறி வாங்கியிருக்கக்கூடும்.

ஆகவே உங்கள் மூன்றையும் வாங்குவதாக இருந்தால் நான் போகும் வரிசை இது. கிளாஸ்கோ டோக்கனை முதலில் வாங்குவேன். விளிம்பெழுத்து முழுதாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். இருபது காசைக் குறைந்த விலைக்கு, நல்லதாகக் கிடைக்கும்வரை பொறுத்திருந்து வாங்குவேன். 1788 மாதிரியை இப்போது வாங்க மாட்டேன். நீங்கள் அனுப்பிய படத்தில் அரசரின் முகம் முன்னால் ஒளி விழுந்து வெளுத்துக் கிடக்கிறது; அதை வைத்து முந்தையது என்றோ மறு அடி என்றோ நான் சொன்னால் அது பொய்யாகும். விளிம்பைச் சுற்றி நான்கு படமும், பக்கவாட்டு ஒளியில் கன்னம், கழுத்து, தேதி ஆகியவற்றின் நெருக்கமான படங்களும், கிராமில் எடையும் கேட்டு வாங்குங்கள். அவர் தரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். இந்த வகை மாதிரிகள் ஏலங்களில் மறுபடி மறுபடி வருகின்றன.

இரண்டு நடைமுறைச் செய்திகள். நூறு ஆண்டைக் கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் தொல்பொருள். வெளிநாட்டிலிருந்து வாங்கிய வில்லை தவறாக இருந்தது, திருப்பி அனுப்பிவிடலாம் என்று நினைத்தால் அது தபால் நிலையத்தில் முடியும் காரியம் அல்ல. வாங்கும் முன்பே எல்லா ஐயத்தையும் தீர்த்துக்கொள்ள இதுவும் ஒரு காரணம். மற்றொன்று, வந்த காசை யார் சொன்னாலும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்குச் செய்வதைச் சோஹோவின் பழுப்பு மெருகுக்குச் செய்தால் இருநூறு ஆண்டு ஒரே நிமிடத்தில் போய்விடும், திரும்பி வராது. மலிவான பிவிசி உறைகளில் வைக்க வேண்டாம், சில மழைக்காலங்களில் பச்சைப் பிசுபிசுப்பு ஏறிவிடும். கடலிலிருந்து எடுத்த இருபது காசை மற்றவற்றோடு சேர்க்காமல் தனி டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அதில் வெளிர்பச்சைப் பொடி பூத்தால் உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். விளிம்புப் படங்கள் கிடைத்ததும் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.